பொது மென்பொருள் லைப்ரரியை ஏன் யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட டெவலப்மென்ட் டீம்கள். லாகின், கோப்புப் பதிவேற்றம், மின்னஞ்சல் அனுப்புவது, பிடிஎஃப் தயாரிப்பது என்று ஒரே வேலையை ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மேலிடம் உங்களைக் கூப்பிட்டு மறுபயன்பாட்டை, அதாவது ஒருவர் எழுதியதை மற்றவரும் எடுத்துப் பயன்படுத்துவதை, வளர்க்க ஏதாவது செய்யச் சொல்லிவிட்டது. நீங்கள் ஒரு பொதுக் களஞ்சியம் ஆரம்பித்து, முப்பது லைப்ரரிகளை (பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதி வைத்த ஆயத்தப் பகுதிகளை) சேர்த்து, தேடும் வசதியும் வைத்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு டீம்தான் அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகின்றன, அதில் ஒன்று உங்கள் டீம். பரிசு கொடுப்பதா, கட்டாயப்படுத்துவதா, எது வேலை செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அடுத்த டீம் எழுதியதைத் தொடமாட்டேன் என்று ஒரு டெவலப்பர் ஏன் சொல்கிறார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? இதை முதலில் பார்த்துவிட்டால் பரிசு, கட்டாயம் இரண்டையும் பற்றிப் பேசுவது சுலபம்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பெரிய நிறுவனங்களில் மென்பொருள் எழுதுகிறேன். அதில் பாதிக் காலம் பொது லைப்ரரிகளை எழுதிவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற டீம்களிடம் மன்றாடியவன். மீதிக் காலம் அடுத்தவர் லைப்ரரியைப் பார்த்து, 'பரவாயில்லை, நாங்களே எழுதிக்கொள்கிறோம்' என்று நழுவியவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் சொல்கிறேன்: நழுவுகிறவர் சோம்பேறியும் இல்லை, தலைக்கனம் பிடித்தவரும் இல்லை. அவர் மனதுக்குள் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்னொன்று. என் அனுபவம் முழுக்க வணிக மென்பொருளில்தான்: பில்லிங், ஆர்டர், சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் தளங்கள். விமானத்துக்குள்ளும் மருத்துவக் கருவிக்குள்ளும் ஓடும் மென்பொருளை நான் எழுதியதில்லை. அங்கே சான்றிதழ் விதிகள் இருப்பதால் கீழே சொல்வதில் சில பகுதிகள் அப்படியே பொருந்தாது.

இந்த ஆசை பழையது. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டில் டக் மெக்கில்ராய் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரை வாசித்தார். எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் கேட்டலாகைப் புரட்டிப் பாகம் தேர்ந்தெடுப்பதுபோல, புரோகிராமரும் இவ்வளவு துல்லியம், இவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்த்து ஆயத்தமான கூறுகளை எடுக்க வழி வேண்டும் என்பது அவர் வாதம். இதே மெக்கில்ராய்தான் பின்னால் யூனிக்ஸ் இயக்க முறைமையில் பைப் (ஒரு கட்டளை வெளியிடுவதை அடுத்த கட்டளைக்குள் அனுப்பும் வசதி) வருவதற்கும் காரணமாக இருந்தவர். அவர் கனவு கண்ட கேட்டலாக் நிறுவனங்களுக்குள் பெரிதாகப் பலிக்கவில்லை, பைப் பலித்தது. பைப்பில் இணையும் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே இருக்கும் ஒப்பந்தம் அவ்வளவு சின்னது. எழுத்து வரிசை உள்ளே வரும், எழுத்து வரிசை வெளியே போகும், அவ்வளவுதான். ஒன்றை எழுதியவருக்கு இன்னொன்றை எழுதியவர் யாரென்றே தெரிய வேண்டியதில்லை. நிறுவனத்துக்குள் எழுதும் லைப்ரரிகள் அப்படி இருப்பதில்லை. லாகின் லைப்ரரி ஒன்றை எடுத்தீர்கள் என்றால் அதன் டேட்டாபேஸ் அமைப்பு, லாக் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) எழுதும் பாணி, கான்ஃபிகரேஷன் கோப்பு, பிழை வந்தால் நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும்.

சரி, உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும்படி எழுதுவது சொந்த உபயோகத்துக்கு எழுதுவதைவிட அதிகச் செலவு பிடிக்கும். இதில் யாருக்கும் சந்தேகமில்லை, எத்தனை மடங்கு என்பதில்தான் பேச்சு. மென்பொருள் அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975-ல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார். தனக்காக எழுதிய ஒரு புரோகிராமைப் பொதுமைப்படுத்தி, சோதித்து, விளக்கம் எழுதி யாரும் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர மூன்று மடங்கு உழைப்பு. அதையே ஒரு பெரிய அமைப்பின் மற்ற பாகங்களோடு பொருந்தும்படி செய்ய இன்னொரு மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்தால் ஒன்பது. 1990களில் மறுபயன்பாட்டை அளக்கும் முறைகளை வகுத்த ஜெஃப்ரி பூலின் இவ்வளவு பயமுறுத்தவில்லை: மறுபயன்பாட்டுக்கென்று எழுதினால் சுமார் ஒன்றரை மடங்கு செலவு, அதை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் புதிதாக எழுதும் செலவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு என்றார். இதன்படி கூடுதலாக அரைப் பங்கு போட்டால், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஐந்தில் நான்கு பங்கு மிச்சம். ஒரே ஒருவர் எடுத்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எளிய கணக்கில் எழுதி முடித்த பிறகு வருடா வருடம் அதைப் பார்த்துக்கொள்ளும் செலவு இல்லை. நான் பார்த்த லைப்ரரிகள் செத்துப்போனதெல்லாம் அந்த இடத்தில்தான்.

மூன்றாவது ஒரு விஷயம் இருக்கிறது, டெவலப்பர்களுக்கே பலருக்குத் தெரியாது. நாசாவின் மென்பொருள் பொறியியல் ஆய்வகத்தில் மறுபடி பயன்படுத்தப்பட்ட ஏறக்குறைய 3,000 மாட்யூல்களை (மென்பொருளின் தனித்தனிப் பாகங்களை) ரிச்சர்ட் செல்பி என்ற ஆய்வாளர் 1988-ல் ஆராய்ந்தார். துளிகூட மாற்றாமல் அப்படியே எடுத்தாலும் செலவு பூஜ்யம் ஆவதில்லை. தேடி, படித்து, பொருந்துமா என்று பார்க்க, புதிதாக எழுதும் செலவில் சுமார் 5 சதவீதம் போய்விடுகிறது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் கொஞ்சம் மாற்ற ஆரம்பித்தால் செலவும் கொஞ்சமாக ஏறும் என்றுதானே நினைப்போம்? அப்படி ஏறவில்லை, சட்டென்று எகிறியது. காரணம் எளிது. அடுத்தவர் எழுதிய கோடில் (நிரலில்) பத்து வரி மாற்ற வேண்டுமானால் அந்தப் பத்து வரியை மட்டும் புரிந்துகொண்டால் போதாது, அதைச் சுற்றியிருப்பதையெல்லாம் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு எதுவும் உடையவில்லை என்று சோதிக்க வேண்டும். 'காப்பியடித்துக் கொஞ்சம்தான் மாற்றினேன்' என்பதை மறுபயன்பாட்டுக் கணக்கில் சேர்க்கும் நிறுவனங்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கின்றன.

இனி, நழுவுகிற டெவலப்பரின் மனதுக்குள் போய்ப் பார்ப்போம். அவருக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, தானே நான்கு நாளில் எழுதிவிடலாம். எழுதியது மோசமாக இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு உடைந்தால் எங்கே கை வைப்பது என்று அவருக்குத் தெரியும். இன்னொன்று, உங்கள் களஞ்சியத்திலிருந்து எடுக்கலாம். அது உடைந்தால் யாரைக் கூப்பிடுவது? எழுதியவர் டீம் மாறியிருக்கலாம், வேலையை விட்டே போயிருக்கலாம். அங்கேயே இருந்தாலும் அவருக்கு அவருடைய மேனேஜர் கொடுத்த வேலைதானே முதலில்? ஆக, நான்கு நாள் மிச்சம் பிடிப்பதற்காக அவர் தன் நிம்மதியை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை 'தான் கண்டுபிடிக்காததை ஏற்காத நோய்' என்று கேலி செய்வது நிர்வாகிகளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அந்த நோய் உள்ளவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தில் ஏழெட்டுப் பேர் கோடைச் சந்தேகிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஆள் யாராவது இருக்கிறார்களா என்றுதான் சந்தேகிக்கிறார்கள்.

ஒரு நிறுவனத்தில் நாங்கள் இன்வாய்ஸ்களைப் பிடிஎஃப் ஆக்க இன்னொரு டீமின் லைப்ரரியை எடுத்திருந்தோம். நல்ல லைப்ரரி, எழுதியவர் கெட்டிக்காரர். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் பெயர் நீளமாக இருந்ததால் அட்டவணையின் கடைசிப் பத்தி பக்கத்துக்கு வெளியே போய்விட்டது. தொகை வரவேண்டிய பத்தி அது. காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டோம். அகலத்தைக் கணக்கிடும் ஒரு ஃபங்ஷனில் (ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்னக் கோடுப் பகுதியில்) மூன்று வரி. திருத்தி, டெஸ்ட்டும் எழுதி, அந்த டீமுக்குப் புல் ரிக்வெஸ்ட், அதாவது இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, அனுப்பினோம். முதல் வாரம் பதிலில்லை. இரண்டாம் வாரம், 'ரிலீஸ் நேரம், அப்புறம் பார்க்கிறேன்' என்று ஒரு வரி வந்தது. நாலாம் வாரம் அவருடைய மேனேஜரிடம் போனோம். அவர் கணக்குப்படி அந்த லைப்ரரி யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை, அந்தப் பையன் ஆர்வத்தில் எழுதியது, அவ்வளவுதான். ஆறாவது வாரம் முழு லைப்ரரியையும் எங்கள் ரெப்போவுக்கு (கோடு வைத்திருக்கும் இடத்துக்கு) காப்பியெடுத்து மூன்று வரியை மாற்றிக்கொண்டோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எங்களைப்போல ஐந்து டீம்கள் ஆளுக்கொரு காப்பி வைத்திருந்தன, ஐந்தும் ஐந்து விதமாக மாறியிருந்தன. யாரும் தப்பு செய்யவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. எழுதியவர் நல்ல மனதோடு கொடுத்தார், மேனேஜர் தன் டீமின் கெடுவைக் காத்தார், நாங்கள் வாடிக்கையாளருக்குச் சரியான இன்வாய்ஸ் அனுப்பினோம்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உங்களுக்கு முதலில் வேண்டியது களஞ்சியம் இல்லை, பொறுப்பாளர். ஒரு லைப்ரரியை முழுநேரமாகவோ அரைநேரமாகவோ பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நியமித்து, அது அவருடைய வேலை என்று பட்ஜெட்டில் எழுதி வைக்காதவரை அந்த லைப்ரரி பொதுச் சொத்து ஆகாது. எழுதியவரின் பழைய கோப்பை நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவே. உங்கள் முப்பதில் எத்தனைக்கு இன்றைக்குப் பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளர் இருக்கிறார்? என் ஊகம் நான்கு அல்லது ஐந்து. மற்றவற்றை ஈவிரக்கமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து நம்பகமான லைப்ரரிகள் உள்ள களஞ்சியத்துக்கு ஆள் வருவார்கள். முப்பதில் எந்த ஐந்து நம்பகமானது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டிய களஞ்சியத்துக்கு வரமாட்டார்கள்.

அடுத்த விஷயம், எதைப் பொதுவாக்குவது. மேலிடம் உங்களிடம் சொல்லும் 'ஒரே வேலையை நாற்பது டீம் செய்கிறது' என்பதில் பாதி கண்மயக்கம். ஒரு நிறுவனத்தில் எனக்கு இதே மாதிரி வேலை கொடுத்தார்கள். தேடிப் பார்த்ததில், ஒரு தேதி வேலை நாளா இல்லையா என்று சொல்லும் ஃபங்ஷன் பதினான்கு இடத்தில் இருந்தது. கிடைத்தது புதையல் என்று நினைத்தேன். பதினான்கையும் ஒன்றாக்கி, எல்லாருக்கும் மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். மறுநாள் சம்பளக் கணக்கு டீமிலிருந்து ஒரு பெண்மணி என் இருக்கைக்கே வந்தார். 'எங்களுக்கு வேலை நாள் என்றால் வங்கி திறந்திருக்கும் நாள். டெலிவரிக்காரர்களுக்கு வண்டி ஓடும் நாள். ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் எடுக்கும் நாள். நீங்கள் இதில் எதை வேலை நாள் என்று வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில், பதினான்கில் ஐந்து வேண்டுமென்றே வேறுபட்டவை, ஏழு ஒன்றையொன்று காப்பியடித்தவை, இரண்டு தப்பு. நான் ஒன்றாக்கியதை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு டீமும் தனக்கு ஒரு விதிவிலக்கு கேட்டிருக்கும், ஃபங்ஷனுக்கு ஒன்பது பாராமீட்டர் (கூப்பிடும்போது கொடுக்க வேண்டிய விவரம்) முளைத்திருக்கும், கடைசியில் எந்த டீமும் அதைத் தொடப் பயந்திருக்கும். கடைசியில் பொதுவாக்கியது விடுமுறைப் பட்டியலைப் படிக்கும் பகுதியை மட்டும்தான். விதியை அவரவரிடமே விட்டுவிட்டோம்.

பார்க்க ஒன்றுபோல இருப்பது வேறு, ஒன்றாகவே மாறப்போவது வேறு. நான் இப்போது கேட்கும் கேள்வி இதுதான்: நாளை ஒரு டீமின் தேவை மாறினால் மற்ற டீம்களின் தேவையும் அதே காரணத்துக்காக மாறுமா? மாறும் என்றால் பொதுவாக்கலாம். கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறை, லாக் வடிவம், சேவைகளுக்கு இடையே அழைப்பு தோற்றால் மறுபடி முயலும் முறை, இவையெல்லாம் அந்த வகை. இவற்றில் தனித்தன்மை காட்டி எந்த டீமுக்கும் லாபமில்லை. வணிக விதிகள் பெரும்பாலும் மற்ற வகை. அதேபோல, ஒரே இடத்தில் பயன்பட்டதை 'நாளைக்கு எல்லாருக்கும் உதவும்' என்று முன்கூட்டியே பொதுமைப்படுத்தாதீர்கள். மூன்று டீம்கள் உண்மையில் பயன்படுத்திய பிறகு பொதுமைப்படுத்தலாம் என்று ஒரு நடைமுறை வழக்கு இருக்கிறது. அந்த மூன்றில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை வைத்து ஊகித்தால் தப்பாகும் என்பது நிச்சயம்.

இது வெறும் பொருந்தாமைப் பிரச்சினை இல்லை, ஆபத்தும்கூட. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறை கிளம்பி ஏறக்குறைய 40 வினாடியில் தடம் மாறி உடைந்து வெடித்தது. அதன் திசைநிலை காட்டும் கருவியின் மென்பொருள், அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-ல் நன்றாக ஓடிய மென்பொருள்தான். ஏரியன் 5-இன் பாதையில் கிடைமட்ட வேகம் தொடர்பான ஒரு மதிப்பு பெரிதாக வந்தது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் அது கொள்ளாமல் வழிந்தது, கருவி நின்றது. மாற்றுக் கருவியும் அதே மென்பொருளை ஓட்டியதால் அதுவும் நின்றது. இதில் என்னை உறுத்துவது இன்னொரு விவரம். பிழை வந்த அந்தப் பகுதி, புறப்பட்ட பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லை. ஏரியன் 4-ல் கவுன்ட்டவுன் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்குவதற்காகப் புறப்பட்ட பிறகும் சுமார் 40 வினாடி அதை ஓட விட்டிருந்தார்கள், அப்படியே இங்கேயும் வந்துவிட்டது. கோடு சரியாகத்தான் இருந்தது. எந்த எல்லைக்குள் அது சரி என்ற தகவல் கோடோடு சேர்ந்து பயணிக்கவில்லை. அதனால்தான் ஒரு லைப்ரரியின் விளக்கக் குறிப்பில் 'இதை எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன். அந்தப் பத்தி உள்ள லைப்ரரியை டெவலப்பர்கள் அதிகம் நம்புகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட பரிசு. வேண்டாம். அல்லது, கொடுத்தே ஆக வேண்டுமென்றால் லைப்ரரி சேர்ப்பவருக்குக் கொடுக்காதீர்கள், எடுத்துப் பயன்படுத்துபவருக்குக் கொடுங்கள். நான் இருந்த இடமொன்றில் களஞ்சியத்தில் சேர்க்கும் ஒவ்வொரு கூறுக்கும் புள்ளி, புள்ளிக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். மூன்று மாதத்தில் களஞ்சியம் நிரம்பி வழிந்தது. எழுத்துகளைத் தலைகீழாக்கும் ஃபங்ஷன் மட்டும் நாலு பேர் எழுதியிருந்தார்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை, எடுத்தால் புள்ளி கிடையாதே. எந்த எண்ணிக்கைக்குப் பரிசோ அந்த எண்ணிக்கை கூடும், மற்றது கூடாது.

கட்டாயம் கொஞ்சம் சிக்கலானது. 2002 வாக்கில் அமேசானில் ஜெஃப் பெசோஸ் எல்லா டீம்களும் தங்கள் தரவையும் செயல்பாட்டையும் சேவை இடைமுகங்கள் (மற்ற புரோகிராம்கள் கேட்டுப் பெறுவதற்கான வரையறுத்த வாசல்கள்) வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும், வேறு வழியே கூடாது என்று உத்தரவு போட்டதாக அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெகி 2011-ல் எழுதினார். இதை எடுத்துக்காட்டிக் கட்டாயம்தான் வழி என்று சொல்பவர்கள் நிறைய. ஆனால் அந்த உத்தரவைக் கவனித்துப் பாருங்கள், எந்த லைப்ரரியைப் பயன்படுத்த வேண்டும் என்று அது சொல்லவில்லை. பேசிக்கொள்ளும் முறையை மட்டும் கட்டாயமாக்கியது. உள்ளே எதை வைத்து வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பாதுகாப்பு, அடையாளச் சரிபார்ப்பு, சட்டம் கேட்கும் தணிக்கைப் பதிவுகள் ஆகிய இடங்களில் கட்டாயம் சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரு டீமின் தவறுக்கு முழு நிறுவனமும் விலை கொடுக்கும். 2021 டிசம்பரில், லாக் எழுதப் பல நிறுவனங்கள் பயன்படுத்திய லாக்4ஜே என்ற லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அது எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் பட்டியல் எடுக்க முடிந்த இடங்களும், வாரக்கணக்கில் தேடிய இடங்களும் இருந்தன. எதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்திருப்பதன் மதிப்பு அந்த வாரம் புரிந்தது. மற்ற இடங்களில் கட்டாயம் பெரும்பாலும் எதிர்விளைவு தருகிறது. டீம்கள் உங்கள் லைப்ரரியை இறக்குமதி செய்து பெயருக்கு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே தங்கள் சொந்தக் கோடை ஓட்டும். நான் அதைச் செய்திருக்கிறேன். அறிக்கையில் பச்சை விளக்கு எரிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம்.

பொறுப்பாளர் கிடைத்த பிறகு அவரை என்ன செய்யச் சொல்ல வேண்டும்? முதலில், புதிதாக வரும் ஒருவர் யாரையும் கேட்காமல் கால் மணி நேரத்தில் அந்த லைப்ரரியை ஓட வைக்க முடிய வேண்டும். இதை நிஜமாகவே சோதியுங்கள். சம்பந்தமில்லாத டீமிலிருந்து ஒருவரை உட்கார வைத்து, பின்னால் நின்று, வாயைத் திறக்காமல் பாருங்கள். முதல்முறை இதைச் செய்தபோது என்னால் மூன்றாவது நிமிடத்தில் பொறுக்க முடியவில்லை. 'அந்தக் கோப்பு இல்லை, மேலே இருக்கிறதே அது' என்று சொல்லிவிட்டேன். குறிப்பில் அந்தக் கோப்பின் பெயரே தப்பாக இருந்தது. இரண்டு வருடமாக யாரும் சொல்லவில்லை, தப்பைப் பார்த்தவர்கள் பேசாமல் போய்விட்டார்கள்.

அடுத்து, வெர்ஷன் மாற்றம். ஒரு லைப்ரரியை மூன்று டீம் பயன்படுத்தும்போது மாற்றுவது சுலபம், முப்பது டீம் பயன்படுத்தும்போது நரகம். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் சாரம். எழுத்துக்கு எழுத்து உண்மை. பிழைச் செய்தியில் இருந்த எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தியதால் அடுத்த டீமின் புரோகிராம் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பிழையான சொல்லைத் தேடித்தான் அது முடிவெடுத்துக்கொண்டிருந்தது. கூகுள் இதை ஒரு விதமாகச் சமாளித்தது. 2015 தொடக்கத்தில் சுமார் 200 கோடி வரிக் கோடை 25,000 டெவலப்பர்கள் ஒரே ரெப்போவில் பகிர்ந்துகொண்டிருந்ததாக அவர்களே பின்னர் எழுதினார்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் லைப்ரரியை மாற்றுபவரே, அதைப் பயன்படுத்தும் இடங்களையும் தேடித் திருத்த முடிகிறது. உங்களால் ஒரே ரெப்போ வைக்க முடியாமல் போகலாம், அதற்குத் தேவையான கருவிகளைச் செய்யவே தனிப் படை வேண்டும். ஆனால் அந்தக் கொள்கையைக் கடன் வாங்கலாம்: உடைக்கிறவரே ஒட்ட வேண்டும். பெரிய மாற்றம் கொண்டுவரும் பொறுப்பாளர், பயன்படுத்தும் டீம்களுக்கு 'மாறிக்கொள்ளுங்கள்' என்று சுற்றறிக்கை விடாமல், மாற்றிய புல் ரிக்வெஸ்ட்டை அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். செலவு அதிகம்தான். ஆனால் மாற்றத்தின் வலி மாற்றுகிறவர் பக்கம் வந்தால் தேவையில்லாத மாற்றங்கள் தாமாகவே குறைந்துவிடும்.

பொறுப்பாளர் மட்டுமே எழுத வேண்டும் என்றும் இல்லை. கோடை எல்லாரும் பார்க்கத் திறந்து வைக்கும் திறந்த மூலத் திட்டங்கள் நடப்பதுபோல நிறுவனத்துக்குள்ளும் யாரும் யாருடைய கோடுக்கும் திருத்தம் அனுப்பலாம் என்ற முறைக்கு 2000-ல் பதிப்பாளர் டிம் ஓ'ரைலி இன்னர் சோர்ஸ் என்று பெயரிட்டார். நல்ல முறைதான். எங்கள் பிடிஎஃப் கதையில் நாங்கள் செய்யப் பார்த்ததும் அதுவே. அது தோற்றதற்குக் காரணம் திருத்தத்தைப் பார்த்து ஏற்க ஆளில்லாததுதான். ஆகவே, வெளி டீமிலிருந்து வரும் திருத்தத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் ஏதாவது ஒரு பதில், 'முடியாது' என்ற பதிலாவது, கட்டாயம் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். கட்டாயப்படுத்தும் ஆசை இருந்தால் அதை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். (வேலை நாள் என்றால் எது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பெரிய அளவில் மறுபயன்பாடு ஜெயித்த இடங்களைப் பார்த்தால் அங்கே ஊக்குவிப்பு என்ற பேச்சே இருப்பதில்லை. ஸ்வீடனின் செல்சியஸ்டெக் நிறுவனம் போர்க்கப்பல்களுக்கான கட்டுப்பாட்டு அமைப்புகள் செய்துகொண்டிருந்தது. 1980களின் நடுவில் ஸ்வீடன், டென்மார்க் இரண்டு கடற்படைகளின் பெரிய ஆர்டர்களும் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. தனித்தனியாக எழுத ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வேறு வழியின்றி, ஒரே அடித்தளத்திலிருந்து எல்லாக் கப்பல் வகைகளையும் உருவாக்கும் முறைக்கு மாறினார்கள், அதற்காக நிறுவன அமைப்பையே மாற்றினார்கள். ஒரு அமைப்பின் மொத்தச் செலவில் வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் 35:65 என்று இருந்த விகிதம் 80:20 ஆனது. அவர்களிடம் இருந்தது ஒத்த பொருள்களின் குடும்பம் என்பதைக் கவனியுங்கள். எல்லாமே கப்பல். உங்கள் நாற்பது டீம்களும் உண்மையில் ஒரே குடும்பமா, அல்லது ஒரே கட்டடத்தில் இருக்கும் நாற்பது தனித் தொழில்களா? உங்கள் கேள்வியில் அந்த விவரம் இல்லை. இரண்டாவது என்றால் உங்கள் இலக்கைச் சிறிதாக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அளப்பது பற்றியும் ஒரு வார்த்தை, மேலிடம் எப்படியும் எண் கேட்கும். மறுபயன்பாட்டுச் சதவீதம் என்ற எண்ணைக் கொடுக்காதீர்கள். அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், வரிகளை எண்ணினால் வெளியிலிருந்து இறக்கிய ஒரு பெரிய லைப்ரரியே உங்களை 90 சதவீதத்துக்குக் கொண்டுபோய்விடும். அதற்குப் பதில், வெளி டீம் எத்தனை, போன வருடம் எடுத்தவர்கள் இந்த வருடமும் தொடர்கிறார்களா, வெளித் திருத்தங்களுக்குப் பதில் போக எத்தனை நாள் ஆகிறது, இந்த மூன்றைக் கொடுங்கள். எடுத்துவிட்டுப் பின்னால் கழற்றிப் போட்டவர்களின் எண்ணிக்கைதான் இதில் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

எனக்கே உறுதியில்லாத இடத்தையும் சொல்ல வேண்டும். ஏஐ கருவிகள் வந்த பிறகு சின்னக் கோடை எழுதும் செலவு விழுந்துவிட்டது. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை (சின்ன லைப்ரரியை) எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டதால் உலகம் முழுக்க எத்தனையோ புராஜெக்ட்களின் பில்ட் (கோடை ஓடும் புரோகிராமாக்கும் வேலை) நின்றது. அந்த அளவிலான கூறுகளை இனி யாரும் வெளியிலிருந்து எடுக்கத் தேவையில்லை, கருவியைக் கேட்டால் எழுதித் தந்துவிடும். அதே நேரத்தில், எழுதும் செலவு குறைந்தாலும் பார்த்துக்கொள்ளும் செலவு குறைந்ததாக என் டீமில் நான் காணவில்லை. ஒரே ஓட்டை நாற்பது விதமாக எழுதப்பட்டு நாற்பது இடத்தில் இருந்தால் மூடுவது இன்னும் கஷ்டம். ஆகவே சின்னக் கூறுகளின் மறுபயன்பாடு தேய்ந்து, பாதுகாப்பு போன்ற கனமான கூறுகளின் மறுபயன்பாட்டுக்கு மதிப்பு கூடும் என்பது என் ஊகம். ஊகம்தான், இதை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒரு வேலை. உங்கள் களஞ்சியத்தைப் பயன்படுத்தும் அந்த இரண்டாவது டீம் இருக்கிறதே, அவர்களிடம் போய் உட்காருங்கள். எதை எடுத்தார்கள், எதைப் பார்த்துவிட்டு விட்டார்கள், உடைந்தபோது யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் ஒரு ஆளின் பெயரைச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆளின் மேனேஜரைப் பார்த்து, வாரத்தில் எத்தனை நாளை இதற்கு எழுதித் தருவார் என்று பேசி முடித்துவிட்டு, பிறகு களஞ்சியத்தின் மீதி இருபத்தொன்பதைப் பற்றி யோசிக்கலாம்.